வாக்கேயக்காரர் யார்?

சொல்லையும் மெட்டையும் ஒருவரே ஆக்குவாராயின் அவரை வாக்கேயக்காரர் என்கிறோம். வாக்கு சொல், கேயம் இசை. 13-ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் வகுத்த இலக்கணமும் இதுவே. யாப்பறிவு, அணியறிவு என அவர் வேறு தகுதிகளையும் அடுக்கினார் என்பது மெய். ஆயினும் சொல்லின் வேர் அவ்வளவுதான். நம் சங்கீத சபைகளோ அச்சொல்லைத் திருவாரூர் மும்மூர்த்திகளுக்கும் அவர்களையொத்த சிலருக்குமே பட்டா எழுதிக் கொடுத்துவிட்டன.

மடுல்சீமைத் தோட்டத்து லயத்தில் தொட்டிலாட்டும் தாய், அன்றைய துயரை அன்றே சொல்லாக்கி அன்றே மெட்டிலேற்றுகிறார். அவரை என்னவென்று அழைப்பது? ‘பழைய மெட்டுத்தானே!’ என்பர் பண்டிதர். தோடியைத் தியாகராசரா படைத்தார்? வழிவந்த இசையை வளைத்துத் தமதாக்குவதே இருவர் தொழிலும்.

ஏட்டிலோ ‘ஆசிரியர் பெயர் தெரியவில்லை’ என்று எழுதி முடிக்கிறோம். தெரியவில்லையா, கேட்கவில்லையா? பரிபாடலைத் தொகுத்தோர், பாடிய புலவரோடு இசை வகுத்த பெட்டனாகனார், கண்ணனாகனார் பெயர்களையும் குறித்து வைத்தனரே!

1948-இல் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் எஞ்சியோருக்கும் குடியுரிமை மீண்டது. பாட்டுக்குரிய பெயர் மட்டும் மீளவில்லை. பிரட்டுக்களத்தில் அத்தாயின் பெயரைக் கூப்பிடுகிறார்கள். கொழுந்து நிறுக்கையிலும் பெயரைப் பதிகிறார்கள். பாட்டை எழுதிக்கொள்ள வருகிற நம் பேனா மாத்திரம் ஏன் அவ்விடத்தில் நின்றுவிடுகிறது?