ஒரு படம், மூன்று மொழி: மரபுரிமை அறைக்குப் பெரிய ஒலிபெருக்கி வேண்டாம்

நமது பாடசாலையில் அமையவிருக்கும் மரபுரிமை அறைக்குப் பெரிய டிவியும் ஒலிபெருக்கித் தொகுதியும் வாங்கித் தரப் பழைய மாணவர்கள் முன்வந்திருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்கட்டும். டிவி கட்டாயம் வேண்டும். ஒலிபெருக்கி விடயத்தில்தான் அறை வேலையில் இருக்கும் ஆசிரியர்களாகிய எங்களுக்கு வேறு கருத்து இருக்கிறது. கூட்டத்தில் பேச நேரம் போதவில்லை, அதனால் இங்கே எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

சில வருடங்களுக்கு முன் தரம் 8 பிள்ளைகளைக் கல்விச் சுற்றுலா கூட்டிச் சென்றோம். ஓரிடத்தில் (பெயர் வேண்டாம்) பழைய குளங்களைப் பற்றிய அழகான படம் ஒன்று ஓடியது. குரல் சிங்களத்தில் மட்டும். பிள்ளைகளுக்கு மெதுவாக மொழிபெயர்த்துச் சொன்னோம். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களிலும் பிழையில்லை, அவர்களுக்குப் படம் கேட்க வேண்டுமே. நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு பிள்ளை கேட்டது: "டீச்சர், அந்தக் குளத்தைக் கட்டினது யாரு?" படம் முழுக்க அதைத்தான் சொன்னார்கள்.

1987 முதல் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. அது நடைமுறையில் இல்லாத இடங்களைப் பற்றி நாம் குறைப்படுகிறோம், அது நியாயமான குறைதான். இப்போது நம் கையில் ஓர் அறை வந்திருக்கிறது. அதில் தமிழ்க் குரலை மட்டும் ஒலிபெருக்கியில் போட்டால், பக்கத்து ஊர்ச் சிங்களப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நாம் செய்வது என்ன? நம் பிள்ளைகளுக்கு நடந்ததைத்தான்.

2019க்குப் பிறகு நம்மைப் பற்றி எத்தனை கேள்விகள் எழுந்தன என்பது யாருக்கும் மறந்திருக்காது. பதில் சொல்ல நாம் ஆயத்தமாகவே இருந்தோம். பல நேரம் நம்மிடம் இல்லாதிருந்தது மொழிதான். மொழி விளங்காமல் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர், விளங்காத இடத்தைத் தன் எண்ணத்தால் நிரப்பிக்கொள்வார்.

கொழும்பு தேசிய நூதனசாலையில் ஒரு கல் இருக்கிறது. சீனக் கடற்தளபதி செங் ஹ காலத்தில், 1409ஆம் ஆண்டு திகதியிட்டு வெட்டப்பட்டது. 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள். அதில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். துறைமுகத்துக்கு வருகிறவர்கள் பல மொழிக்காரர்கள் என்பதை 600 வருடங்களுக்கு முன்பே விளங்கிக்கொண்டு, ஒரே கல்லில் ஒவ்வொருவருக்கும் ஓரிடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கல் இருக்கும் கட்டடத்தைக் கட்டியவர் நம் சமூகத்து வாப்பிச்சி மரைக்கார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

சரி, ஓர் அறையில் ஒரே நேரத்தில் மூன்று குரல் எப்படி?

ஒன்றன்பின் ஒன்றாகப் போடலாம் என்றார் ஒரு சகோதரர். நமது படம் 6 நிமிடம். மூன்று மொழிக்கும் 18 நிமிடம். தன் மொழிக்காக 12 நிமிடம் காத்து நிற்க யாரால் முடியும்? கீழே எழுத்துப் போடலாம் என்றார் இன்னொருவர். மூன்று மொழி எழுத்தும் போட்டால் திரையில் பெரும்பகுதி மறைந்துவிடும். எழுத்தை வாசிக்கிற கண், தறியில் ஓடும் கையைப் பார்க்காது. வாசிக்கத் தெரியாத நம் மூத்தம்மாமார் என்ன செய்வார்கள்?

எங்கள் யோசனை இதுதான். படம் டிவியில் சுற்றிச் சுற்றி ஓடட்டும். விளக்கக் குரல் ஒவ்வொருவருடைய போனிலும் அவரவர் மொழியில் காதுக்குள் வரட்டும். இதில் புதுமை ஒன்றுமில்லை. 1952இலேயே ஆம்ஸ்டர்டாமில் ஸ்டெடலிக் நூதனசாலையில் சிறிய வானொலிப் பெட்டியைக் காதில் வைத்து, வெவ்வேறு மொழிகளில் விளக்கம் கேட்கச் செய்திருக்கிறார்கள்.

"கியூஆர் குறியை ஒட்டி, ஒலியை ஏற்றிவிட்டால் முடிந்ததுதானே?" என்று நாங்களும் முதலில் நினைத்தோம். ஆசிரியர் ஓய்வறையில் பரீட்சித்துப் பார்த்தோம். படம் மூன்றாவது நிமிடத்தில் ஓடும்போது உள்ளே வந்தவருக்குக் குரல் முதலிலிருந்து தொடங்கியது. திரையில் நூலுக்குச் சாயம் போடுகிறார்கள், காதில் கடற்கரைக் கதை ஓடுகிறது. சிரிப்பாகிவிட்டது.

ஆகவே குரலும் படமும் ஒன்றாக ஓட வேண்டும். அதற்குக் கையளவு கணினி ஒன்றும் ஒரு வைஃபை ரவுட்டரும் போதும். இணையம் தேவையில்லை. அந்தக் கணினிதான் டிவியில் படத்தை ஓட்டும். வருகிறவர் குறியை ஸ்கேன் செய்து, மொழியைத் தெரிந்து, தொடங்கு பொத்தானை அழுத்துவார். ஒலிக்கோப்பு முழுவதும் போனுக்குள் இறங்கிவிடும். பிறகு போன் கணினியிடம் கேட்பது ஒன்றே ஒன்று: "படம் இப்போது எத்தனையாவது செக்கனில் நிற்கிறது?" கேள்வி போய்ப் பதில் வர எடுத்த நேரத்தில் பாதியைக் கூட்டி, அந்த இடத்திலிருந்து குரலைத் தொடங்கும். இடையிடையே திரும்பக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளும். யார் எந்த நிமிடத்தில் வந்தாலும் குரல் படத்தோடு சேர்ந்து நிற்கும்.

எவ்வளவு துல்லியம் வேண்டும்? ஒலிபரப்புத் துறையின் சர்வதேச அளவுகோல்படி, ஒலி படத்தை விட ஏறத்தாழ 45 மில்லிசெக்கன் முந்தினாலே பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். பிந்தினால் சுமார் 125 வரை தெரியாது. மின்னலுக்குப் பின்தான் இடி கேட்கும் என்று பழகிய காது அல்லவா? ஆனால் அது உதடும் பேச்சும் பொருந்துவதற்கான அளவு. காட்சிக்கு மேல் பேசும் விளக்கக் குரல் அரை செக்கன் விலகினாலும் பெரிதாக உறுத்தாது. எனவே முகம் பார்த்துப் பேசும் காட்சிகளைக் குறைத்துக்கொள்வோம். தறியின் ஓசை, அலைச் சத்தம் இவை எல்லோருக்கும் பொது. அவற்றை டிவியின் சொந்த ஒலியிலேயே மெதுவாக விடுவோம். பேச்சு மட்டும் காதுக்குள். புளூடூத் ஹெட்செட் தானாகவே ஒலியைப் பிந்தச் செய்யும், அதனால் வயர் உள்ள ஹெட்போன்களே நல்லது. போன் இல்லாத பெரியவர்களுக்கு அறையிலேயே சில பழைய போன்களை வைத்திருப்போம்.

உண்மையான கஷ்டம் கருவியில் இல்லை, எழுத்தில்தான் இருக்கிறது. ஒரே காட்சிக்கு மூன்று மொழியிலும் ஒரே நேரத்துக்குள் பேசி முடிக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதித் தமிழாக்கினால் தமிழ்க்குரல் மூச்சு வாங்க ஓடும். ஆகவே முதலில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, வாசித்து நேரம் பார்த்து, பிறகுதான் படத்தை வெட்ட வேண்டும். சிங்களத்தைக் கூகிளிடம் கொடுக்க வேண்டாம். பக்கத்துப் பாடசாலைச் சிங்கள ஆசிரியர் ஒருவரை அழைத்து, நம்மோடு உட்கார்ந்து எழுதி, அவர் குரலிலேயே பதிவோம். அந்த இரண்டு மூன்று நாள் உட்காரல், அறை திறக்கும் முன்பே அறையின் முதல் பயனாகிவிடும்.

நான்காவதாக ஒரு தடமும் வேண்டும். கண் தெரியாத பிள்ளைக்குத் திரையில் நடப்பதைச் சொல்லும் குரல். அந்தப் பிள்ளையும் நம் ஊர்ப் பிள்ளைதான்.

பழைய மாணவர்களிடம் எங்கள் வேண்டுகோள்: ஒலிபெருக்கிக்கு ஒதுக்கிய பணத்தை இந்தச் சிறு கணினிக்கும் ரவுட்டருக்கும் ஹெட்போன்களுக்கும் மாற்றித் தாருங்கள். வீட்டில் தறி, தோணி, வயல் கதை சொல்லும் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் குரலைப் போனில் பதிந்து அனுப்புங்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், பேசுவோம்.

நாளை பக்கத்து ஊரிலிருந்து வரும் ஒரு சிங்களப் பிள்ளை பஸ்ஸில் ஏறியபின் தன் ஆசிரியரிடம், "அந்தத் தறியை ஓட்டினது யாரு?" என்று கேட்கும் நிலை வரக்கூடாது. நம் அறையை விட்டு வெளியே போகும்போதே அதற்கு அது தெரிந்திருக்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.