நாயும் புலியும்

இந்த மாதம் சீட்டுக் கட்டுவதில் வரும் பிரச்சினைகள் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த மாதம் வரும். கோபிக்க வேண்டாம். இடையில் ஒரு விளையாட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. ஐம்பத்தாறு வயதில் என்ன விளையாட்டு என்று நீங்கள் சிரிப்பீர்கள். என் மகளும் சிரித்தாள்.

தை மாதம் இளையவளுக்குக் கலியாணம் நடந்தது. எங்கள் மட்டக்களப்பு வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். தாய் அதே வளவுக்குள் எங்காவது ஒரு மூலைக்கு ஒதுங்குவாள். மூத்தவளுக்கு முன்பக்கம் ஏற்கனவே ஒரு வீடு எழும்பிவிட்டது. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த கல்வீட்டை இளையவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நான் என் றங்குப்பெட்டியோடு பின்னாலிருந்த பழைய குசினிக்குப் போய்விட்டேன். மனமுவந்துதான் கொடுத்தேன். ஆனால் தனியாளாக நின்று இரண்டு பிள்ளைகளை வளர்த்தவளுக்கு, பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லாமல் போவது எவ்வளவு பெரிய விடயம் என்று அப்போதுதான் தெரிந்தது. வாவிக்கரையில் போய் நிற்பேன். திரும்பி வருவேன். மறுகாலும் போய் நிற்பேன்.

அந்த நாட்களில் ஒருநாள் கனடாவிலிருந்து தங்கச்சியின் மகன் வீடியோவில் கதைத்தான். "பெரியம்மா, ஒண்டு காட்டுறன் பாருங்க" என்று கமராவைத் திருப்பினான். பெரிய மேசை ஒன்று. அதில் புல்லுத்தரை, உடைந்த சுவர், சின்னப் பாலம். அவற்றின் நடுவே ஒரு பெருவிரல் உயரம்கூட இல்லாத இராணுவ வீரர்கள் அணிவகுத்து நின்றார்கள். ஒவ்வொன்றுக்கும் மெல்லிய தூரிகையால் தானே வர்ணம் தீட்டியிருக்கிறான். சனிக்கிழமைகளில் நண்பர்கள் வருவார்களாம். அளவு நாடா வைத்து எத்தனை அங்குலம் நகரலாம் என்று அளப்பார்களாம். தாயக்கட்டை உருட்டி யார் விழுந்தது, யார் தப்பியது என்று தீர்ப்பார்களாம்.

எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. "உன்ர மாமாவைக் காணாமல் ஆக்கின சாமானைக் காசு குடுத்து வாங்கி விளையாடுறியா மனே?" என்று கேட்டுவிட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான்: "நீங்களும் அம்மாவும் மாமாவும் கொட்டை வைச்சு விளையாடினதும் இதுதானே பெரியம்மா?"

அன்றிரவு நித்திரை வரவில்லை. விடிந்ததும் அடுப்புக்கரி ஒன்றை எடுத்துக் குசினித் தரையில் கோடு கீறினேன். கை மறக்கவில்லை.

தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து கீழ்நோக்கி விரிந்து இறங்கும் நாலு கோடு. அவற்றைக் குறுக்கே வெட்டி, இரண்டு பக்கமும் வெளியே நீளும் மூன்று கோடு. அந்த மூன்றின் முனைகளையும் வலப்பக்கம் ஒரு கோட்டாலும் இடப்பக்கம் ஒரு கோட்டாலும் இணைக்க வேண்டும். அடியில் நாலு கால்களையும் சேர்த்து இன்னொரு கோடு. சந்திகளை எண்ணினால் 23 வரும். ஒருவருக்குப் புலி மூன்று, மற்றவருக்கு நாய் பதினைந்து. தமிழ்நாட்டில் நாய்க்குப் பதில் ஆடு. அங்கே ஆடு புலி ஆட்டம் என்பார்கள். நாங்கள் புலிக்கு மட்டி ஓடும் நாய்க்குப் புளியங்கொட்டையும் வைப்போம். புலிகள் உச்சியிலும் அதற்குக் கீழேயும் நிற்கும். நாயை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். பதினைந்தும் இறங்கும்வரை எந்த நாயும் நகர முடியாது. புலியோ ஒவ்வொரு முறையும் நகரலாம். நாயைத் தாண்டி அடுத்த சந்தி வெறுமையாக இருந்தால் பாய்ந்து வெட்டலாம். மூன்று புலியும் அசைய இடமில்லாமல் போனால் நாய்க்கு வெற்றி.

எங்கள் வீட்டில் அண்ணாதான் எப்போதும் புலி. பெண்பிள்ளைகளுக்கு நாய். கேட்டுப் பார்த்தும் தரமாட்டார். அதனால் நாய்ப்பக்கம் எனக்குக் கைவந்தது. எந்தப் பக்கத்தால் வந்தாலும் தாண்டி இறங்க இடமில்லாத மூலைகள் இந்தக் கோட்டில் ஆறு உண்டு, உச்சியைச் சேர்க்காமல். முதலில் அவற்றைப் பிடிக்க வேண்டும். பிறகு ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நிறுத்திக்கொண்டு போக வேண்டும். பின்னால் ஒன்று நின்றால் முன்னால் நிற்பதை வெட்ட முடியாது. அவசரப்பட்டு நடுவில் தனியாக ஒன்றை இறக்கினால் அது போனதுதான். மண்முனைத் துறையில் பாதைக்குக் காத்திருக்கும் நேரத்திலும் மணலில் கீறி விளையாடுவோம். 2014 இல் பாலம் திறந்தபிறகு அங்கே காத்திருக்க வேண்டிய தேவை இல்லை. பாலம் நல்லதுதான். காத்திருந்த நேரம்தான் போய்விட்டது.

ஒருமுறை, ஒரேயொரு முறை, அண்ணாவின் மூன்று புலிகளையும் அடைத்தேன். அவர் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பிப் போய் அம்மாவிடம் சொன்னார், "உங்கட மகள் என்னைக் கட்டிப் போட்டிட்டாள்" என்று.

1990 இல் விசாரணைக்கென்று வந்து அவரைக் கூட்டிப் போனார்கள். அதற்குப் பிறகு நான் கோடு கீறவில்லை.

இந்த விளையாட்டின் பெயரையே நாங்கள் அதற்கு முன்னரே இழந்துவிட்டோம். விளையாட்டு சூடாகும்போது "புலி வெட்டிப்போட்டுது!", "புலி எங்க? புலி இங்க!" என்று கத்துவோம். ரோட்டால் ரோந்து போகிறவர்களுக்கு என்ன விளங்கும்? அம்மா நடுங்கிப்போவார். ஒருநாள் வந்து, "இனிமேல் பெரிசும் சின்னதும் எண்டு சொல்லுங்க" என்று கட்டளை போட்டார். அன்றிலிருந்து பெரிசு சின்னதை வெட்டியது. இலங்கைக் காட்டில் வரிப்புலியே கிடையாது, இருப்பது சிறுத்தை மட்டுந்தான். சிங்கள ஊர்களிலும் சிறுத்தையை வைத்து இதே மாதிரி விளையாட்டு உண்டு. இங்கே நீர்ப்பாசன எந்திரியாக வேலை பார்த்த ஹென்றி பார்க்கர் 1909 இல் வெளியிட்ட நூலில் அவற்றைப் படத்தோடு பதிந்திருக்கிறார். எங்கள் வீட்டில் மட்டும் அந்த மிருகத்துக்குப் பெயரே இல்லாமல் போனது.

மருமகனின் மேசைக்கு வருகிறேன். திட்டியது பிழையா என்று அறிய, அவனிடமே கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சதுரங்கமே யானை, குதிரை, தேர், காலாள் என்ற நாற்படையின் விளையாட்டுத்தான். 1824 இல் பிரஷ்யாவில் படை அதிகாரிகளைப் பழக்குவதற்கே வரைபடத்தில் கட்டைகளை நகர்த்தும் விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. மருமகன் விளையாடும் வகையைப் பரப்பியவர்களில் ஒருவர் எச். ஜி. வெல்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர். 1913 இல் தரையில் தகரப் பொம்மைகளை நிறுத்தி, வில்லுப் பீரங்கியால் மரக்குச்சி சுட்டு விளையாட விதிகள் எழுதினார். முகப்பிலேயே இது பையன்களுக்கும், பையன்களின் விளையாட்டை விரும்பும் புத்தியுள்ள பெண்பிள்ளைகளுக்கும் என்று போட்டாராம். மற்றப் பெண்பிள்ளைகளுக்குப் புத்தி இல்லைப்போலும்! ஆனாலும் அந்த மனிதர் போரை வெறுத்தவர். சில தடவை விளையாடிப் பார்த்தால் உண்மையான போர் எவ்வளவு மூடத்தனம் என்று விளங்கிவிடும் என்று நம்பினார். அடுத்த வருடமே முதலாம் உலகப்போர் தொடங்கியது.

என்னை இருத்தி யோசிக்க வைத்தது லிவர்பூல் கதைதான். இரண்டாம் உலகப்போரில் ஜேர்மன் நீர்மூழ்கிகள் உணவுக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. 1942 இல் அங்கே ஒரு மாடியறைத் தரையைக் கடலாக்கி, சோக்கால் கோடு போட்டு, சின்னக் கப்பல்களை நகர்த்தி வழி தேடினார்கள். அதை நடத்திக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் கடற்படையின் பெண்கள் பிரிவைச் சேர்ந்த இளம் பெண்கள். ஜீன் லெய்ட்லோ அவர்களில் ஒருவர். ஜெனற் ஓகெல் இன்னொருவர். மக்ஸ் ஹோர்ட்டன் என்ற பெரிய கடற்படைத் தளபதி ஒருநாள் வந்து நீர்மூழ்கிப் பக்கம் விளையாடினார். காவற்கப்பல் பக்கம் ஓகெல். ஐந்து தடவையும் தளபதிக்குத் தோல்வி. அங்கே பழகிப்போன அதிகாரிகள் ஐயாயிரம் பேரளவில்.

இதை வாசித்ததும் எனக்குப் பெருமை வந்தது என்று சொல்லமாட்டேன். அந்த நீர்மூழ்கிகளுக்குள்ளும் யாரோ தாயின் பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் தரையில் குந்தியிருந்து அடுத்து எது வரும் என்று முன்கூட்டியே பார்க்கும் வேலை ஆண்களுக்கே உரியது என்று நான் நினைத்திருந்தது போய்விட்டது. முகாமிலும் சோதனைச் சாவடியிலும் எங்கே நிற்பது, யாரை முன்னால் விடுவது, பிள்ளையை எந்தக் கையில் பிடிப்பது என்று நாங்கள் கணக்குப் பார்க்காத நாள் உண்டா?

மருமகனுக்கு நானே கோல் எடுத்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. "அந்தச் சின்ன ஆக்களில ஒரு பொம்பிளை செய்து காட்டு" என்றேன். தண்ணீர்க் குடத்தோடு ஒருத்தியைச் செய்து பாலத்தடியில் நிறுத்திப் படம் அனுப்பியிருக்கிறான். போருக்கு நடுவே அவள் எங்கே போகிறாள் என்று நண்பர்கள் கேட்கிறார்களாம்.

இப்போது என்னோடு விளையாடுவது மூத்தவளின் மகன். ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குசினிக்குள் ஓடி வருகிறான். மூன்றாம் நாளே கேட்டான்: "அம்மம்மா, பெரிசு எண்டா என்ன மிருகம்?" நான் வாயைத் திறந்தேன். அந்தச் சொல் வரவில்லை. போர் முடிந்து இத்தனை வருடம், எனக்கு முன்னால் இருப்பது ஒரு சிறுபிள்ளை, வெளியே கோழிகள் மட்டுந்தான். அப்படியும் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். "புலி" என்றேன். "அப்ப எனக்குப் புலி" என்று மட்டி ஓடு மூன்றையும் அள்ளிக்கொண்டான். அண்ணாவின் கைதான்.

நேற்று நாலு நாயை வெட்டிவிட்டான். ஒரு புலியை நான் உச்சியில் அடைத்துவிட்டேன். மற்ற இரண்டும் வெளியே திரிகின்றன. இருட்டிவிட்டது, தாய் கூப்பிட்டாள். "கலைச்சிராதீங்க அம்மம்மா, நாளைக்கு வருவன்" என்று சொல்லிவிட்டுப் போனான். கோழி வந்து கொத்தாமல், கோட்டுக்கு மேல் கடகத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.