மூன்றாம் கணக்கில் கரையும் முதுமைக்காலச் சேமிப்பு

மாதம் 4,000 வெள்ளி சம்பளம் வாங்கும் ஒருவரின் பெயரில் இபிஎஃப் எனப்படும் ஊழியர் சேமநிதி வாரியத்தில் மாதந்தோறும் 960 வெள்ளி சேர்கிறது. அவர் சம்பளத்தில் பிடிக்கப்படும் 11 விழுக்காடு 440 வெள்ளி. முதலாளி செலுத்தும் 13 விழுக்காடு 520 வெள்ளி. நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றுக்கு முதுமைக்கென்று இருப்பது இந்தச் சேமிப்பு ஒன்றுதான்.

2024 மே 11 முதல், 55 வயதுக்குட்பட்டோரின் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்படுகிறது. 75 விழுக்காடு ஓய்வுகாலக் கணக்குக்கும், 15 விழுக்காடு செஜாத்ரா கணக்குக்கும், 10 விழுக்காடு ஃபிளெக்சிபல் எனும் மூன்றாம் கணக்குக்கும் போகிறது. மூன்றாம் கணக்கில் இருக்கும் பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 4,000 வெள்ளி சம்பளக்காரருக்கு அந்தப் பங்கு மாதம் 96 வெள்ளி.

ஒருமுறை சந்தைக்குப் போய் வந்தால் 96 வெள்ளி தீர்ந்துவிடும். ஆனால் 30 வயதிலிருந்து 60 வயது வரை அதைத் தொடாமல் விட்டால், ஆண்டுக்கு 5 விழுக்காடு லாப ஈவு என்று வைத்துக்கொண்டாலும், 75,000 வெள்ளிக்கு மேல் சேரும். இபிஎஃப் நீண்ட காலம் அடிப்படைச் சேமிப்பாகக் குறிப்பிட்டு வந்த 240,000 வெள்ளி என்பது மாதம் 1,000 வெள்ளி வீதம் 20 ஆண்டுகளுக்கான கணக்கு. அந்தக் கணக்கின்படி பார்த்தால், 75,000 வெள்ளி ஒருவருக்கு ஆறு ஆண்டுகளுக்கு மேல் சோறு போடும்.

இது தெரியாமல்தான் மக்கள் பணத்தை எடுக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. கார் தவணை, பள்ளி பஸ் கட்டணம், பெற்றோரின் மருத்துவச் செலவு ஆகியவை மாதச் சம்பளத்தை முன்னதாகவே பிடித்துக்கொள்கின்றன. தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும்போது, பட்டணத்தில் வேலை செய்யும் பிள்ளை தன் வீட்டுக் கடனோடு பெற்றோரின் குடியிருப்புச் செலவையும் சுமக்கிறார்.

அரசாங்க உதவியும் இவர்களுக்கு எளிதில் எட்டுவதில்லை. எஸ்டிஆர் உதவித் தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு 5,000 வெள்ளி. கணவனும் மனைவியும் ஆளுக்கு 2,600 வெள்ளி சம்பாதித்தாலே அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறார்கள்.

கைவசம் வேறு சேமிப்பு இல்லாதபோது சேமநிதியே அவசரப் பணப்பெட்டியாகிவிடுகிறது. கோவிட் காலத்தில் அனுமதிக்கப்பட்ட நான்கு சிறப்புத் திட்டங்களின் வழி சுமார் 145 பில்லியன் வெள்ளி வெளியே எடுக்கப்பட்டது. பலருக்கு அன்று வேறு வழியில்லை. ஆனால் எடுத்த பணத்தைத் திரும்பச் சேர்க்கச் சம்பளம் அதே வேகத்தில் உயரவில்லை.

எனவே குடும்பங்கள் முதலில் செய்ய வேண்டியது, அவசரச் செலவுக்கென்று சிறு தொகையை வங்கியில் தனியாகச் சேர்ப்பது. அது ஓரளவு சேர்ந்த பிறகு, மூன்றாம் கணக்கில் உள்ளதை ஓய்வுகாலக் கணக்குக்கு மாற்றிவிடலாம். மாற்றியதைத் திரும்பப் பெற முடியாது என்பதால் யோசித்துச் செய்ய வேண்டும்.

குடும்பத்தின் கட்டுப்பாடு மட்டும் போதாது. உதவித் தொகையின் வரம்பை 5,000 வெள்ளியில் ஒரேயடியாக வெட்டாமல், வருமானம் உயர உயரப் படிப்படியாகக் குறைக்கும் முறையை அரசாங்கம் பரிசீலிக்க வேண்டும். மாதச் செலவுக்கே சம்பளம் பற்றாத வீட்டில், முதுமைக்குச் சேமியுங்கள் என்ற அறிவுரை மட்டும் பயன் தராது.