பதினைந்தாம் நாள்

ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷனை விட்டு இறங்கி அலெக்ஸாண்ட்ரா அவெனியூவில் நடந்தால் பழைய குரோவ்னர் சினிமா வரும். 1936இல் கட்டியது, இன்று பார்சிகளின் சொராஸ்ட்ரிய மையம். முகப்பின் நடுவே யானைத் துதிக்கைபோல ஒரு கொங்கிரீட் வளைவு இறங்கி நிற்கும். ஸ்டேஷனும் பாதுகாக்கப்பட்ட கட்டடம்தான். பார்க்க இவ்வளவு இருக்கும் தெருவில் முதலில் கண்ணில் இடிப்பது, விளக்குக் கம்பத்தில் கட்டி மழையில் ஊறிக் கிடக்கும் போன மாதத்து நோட்டீஸ். அப்படிப்பட்ட நோட்டீஸ்கள் பல தமிழில் இருக்கின்றன என்பதை வைத்தே இந்தத் தலையங்கத்தைத் தொடங்குகிறோம்.

தேர்தல் வந்தால் இந்தப் பக்கத்து வீடுகளின் முன்தோட்டங்களில் கட்சி போர்டுகள் முளைக்கும். 2007ஆம் ஆண்டு விளம்பரக் கட்டுப்பாட்டு விதிகளின்படி அதற்குக் கவுன்சிலிடம் முன் அனுமதி கேட்கத் தேவையில்லை. இடத்துக்காரர் சம்மதிக்க வேண்டும். வாக்களிப்பு முடிந்து 14 நாட்களுக்குள் கழற்றிவிட வேண்டும். அச்சடித்தவர் யார், வெளியிட்டவர் யார் என்ற விபரம் அதிலேயே இருக்க வேண்டும் என்கிறது தேர்தல் சட்டம். தெருக் கம்பத்துக்கும் தெரு மரத்துக்கும் கதை வேறு. அதிகாரசபையின் சம்மதம் இல்லாமல் அவற்றில் எதையும் ஒட்டுவதோ கட்டுவதோ 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டப்படி குற்றம்.

தோட்டத்து போர்டை நாங்கள் மாசு என்று சொல்லமாட்டோம். அதற்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது, வீட்டில் ஆள் இருக்கிறார். பிடிக்காத அயலவர் கதவைத் தட்டி வாதாடலாம், அல்லது தன் மதிலுக்குள் எதிர்க்கட்சி போர்டை நட்டுவிட்டுப் போகலாம். கம்பத்தில் கட்டியவர் இரவில் வந்து இரவிலேயே போய்விடுகிறார். எல்லோருடைய இடத்தையும் எடுத்துக்கொண்டு யாருக்கும் பதில் சொல்லாமல் இருப்பதுதான் இதில் உள்ள பிழை. அழகு கெடுவது அதற்குப் பிறகு வரும் கேடு.

இந்தப் பிழை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தமிழ்நாட்டைப் பார்த்தால் போதும். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க அங்கே 1959இலேயே சட்டம் வந்தது. பேனர்களுக்கு எதிராகச் சமூக ஆர்வலர் டிராஃபிக் ராமசாமி வழக்குமேல் வழக்காகப் போட்டார். தானே ஏறிப் பேனர்களைக் கிழித்து, கட்சிக்காரர்களிடம் அடியும் வாங்கினார். 2018 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் பேனருக்குத் தடையே விதித்தது. 2019 செப்டம்பர் 12ஆம் தேதி பள்ளிக்கரணையில், ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவர் தன் வீட்டுத் திருமணத்துக்குச் சாலை நடுவில் அனுமதியின்றி வைத்த பேனர், ஸ்கூட்டரில் வேலையிலிருந்து திரும்பிய 23 வயதுப் பொறியாளர் மேல் விழுந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரி அந்தப் பெண்ணின் மேல் ஏறியது. சாலைகளுக்கு வர்ணம் பூச இன்னும் எத்தனை லிட்டர் ரத்தம் வேண்டும் என்று மறுநாள் நீதிமன்றம் கேட்டது. கட்சிகள் வரிசையாக நின்று இனிமேல் பேனர் வைக்கமாட்டோம் என்றன. அடுத்த மாதமே, மாமல்லபுரத்துக்கு வரும் மோடியையும் ஷி ஜின்பிங்கையும் வரவேற்கப் பேனர் வைக்க அனுமதி கேட்டு அதே நீதிமன்றத்துக்குப் போனது மாநில அரசு; அனுமதியும் கிடைத்தது. ஆட்சி மாறியது. 2021 ஆகஸ்டில் விழுப்புரத்தில் புதிய ஆளுங்கட்சியின் கொடிக்கம்பத்தை நட்டுக்கொண்டிருந்த 13 வயதுச் சிறுவன் மின்சாரம் தாக்கி இறந்தான்.

காசில்லாதவனின் பத்திரிகை சுவர்தானே என்று கேட்பார்கள். ஒரு காலத்தில் அது உண்மை. வானொலி அரசின் கையிலும் பெரிய பத்திரிகைகள் பணக்காரர் கையிலும் இருந்தபோது, காவியும் சுண்ணாம்பும் வைத்துச் சுவரில் எழுதித்தான் ஒரு இயக்கம் ஆட்சிக்கு வந்தது. சுவரில் எழுதியவருக்குச் சொல்ல ஏதோ இருந்தது. ஃப்ளெக்ஸ் வந்தபின் எழுத்து போய் முகம் மட்டும் மிஞ்சியது. நடுவில் தலைவர், மூலையில் தலைவரின் வாரிசு, அடியில் வட்டச் செயலாளர் தொடங்கி இருபது தலைகள். வாக்காளருக்கு அதில் ஒரு செய்தியும் இல்லை. காரில் வரும் தலைவர் கண்ணாடி வழியே தன் முகத்தைப் பார்க்க வேண்டும், வைத்தது யார் என்று விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான். கட்சிக்குள் சீட்டுக் கேட்டுப் போடும் மனுவைப் பொதுச் சாலையில் நட்டுவைப்பதற்குப் பெயர் கருத்துச் சுதந்திரம் அல்ல.

இலங்கையில், நம்முடைய ஊரிலும் தேர்தல் சட்டம் சுவரொட்டியைத் தடுக்கிறது. பொலிஸ் பகலில் கிழிக்கும், ஆதரவாளர்கள் இரவில் ஒட்டுவார்கள். மதிலில் கண்ணீர் அஞ்சலிக்குப் பக்கத்தில் வேட்பாளர் சிரித்துக்கொண்டிருப்பார். கிழிபடாமல் நாள் கணக்கில் இருப்பது அஞ்சலிதான். சனத்துக்கு எதை மதிப்பது என்று தெரிந்திருக்கிறது.

லண்டனில் ஆளைக் கொல்லும் பேனர் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2025 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பல ஊர்களில் விளக்குக் கம்பங்களில் செயின்ட் ஜோர்ஜ் சிலுவைக் கொடிகள் ஏறின. அதன் கீழ் நடந்துபோன நம்மவர் சிலருக்கு வயிற்றைக் கலக்கியது. நாட்டின் கொடிதானே, என்ன பயம் என்றவர்களும் நம்மிடையே உண்டு. 2024 மார்ச்சில் டவர் ஹாம்லெட்ஸ் கவுன்சில் தன் கம்பங்களிலிருந்து பாலஸ்தீனக் கொடிகளை இறக்கியபோது இதே இரண்டு கூட்டமும் இடம் மாறி நின்றது. எந்தக் கொடி என்பதைப் பொறுத்துக் கம்பத்தின் சட்டம் மாறக்கூடாது. நமக்குப் பிடித்த கொடியும் இதற்குள் அடக்கம். வீட்டு ஜன்னலில் பறக்கவிடுங்கள்; அங்கே அதற்கு உங்கள் முகவரி இருக்கிறது.

கவுன்சில்மீதும் எங்களுக்குக் குறை உண்டு. முறைப்பாடு வந்தால் கழற்றுவது, வராவிட்டால் விட்டுவிடுவது என்றிருந்தால், எவரை எவருக்குப் பிடிக்கவில்லை என்பதே கடைசியில் விதியாகிவிடும். கழற்றினால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்: வீட்டு விற்பனை முகவரின் போர்டு, சுற்றுலா விளம்பரம், அரங்கேற்ற அழைப்பு, வேட்பாளர் முகம், எல்லாம். காணாமல்போன பூனையின் படத்துக்கு வேண்டுமானால் ஒரு வாரம் தவணை கொடுக்கலாம்.

இவ்வளவு சொன்னபின் ஒன்றை மறைக்கமுடியாது. போன வருடம் எங்கள் ஆண்டுவிழா நோட்டீஸையும் இந்தக் கம்பங்களில்தான் கட்டினோம். விழா முடிந்து ஐந்து வாரம் கழித்து, ஒரு வாசகர் தொலைபேசியில் ஏசியபிறகுதான் கத்தரிக்கோலோடு போனோம். இனி நோட்டீஸ் கடைக் கண்ணாடிக்கு உள்ளேதான், கடைக்காரரிடம் கேட்டுத்தான். பொதுக் கம்பத்தில் கட்டும் எந்த நிகழ்ச்சிக்கும், எந்த வேட்பாளருக்கும் இந்த இதழில் விளம்பரம் இல்லை. வருமானம் குறையும், குறையட்டும். ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள கம்பத்தில் அன்று கை எட்டாமல் விட்டுவந்த வெள்ளைப் பிளாஸ்டிக் கட்டு ஒன்று இன்னும் இருக்கிறது. அது எங்களுடையது.