முதற்குடி யார் என்னும் வழக்கு

ஒரு தீவுக்கு உரியவர் யார்? முதலில் வந்தவரா, இன்று வாழ்பவரா? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் சைப்பிரஸ் தீவின் கிரோக்கிற்றியாவை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.

தென்கரையிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீற்றர் உள்ளே, மரோனி ஆற்றை அடுத்த குன்றுச் சரிவிலே, வட்ட வட்டமான கற்சுவர்கள் சிதைந்து கிடக்கின்றன. 1934 ஆம் ஆண்டில் தொல்பொருளறிஞர் போர்பிரியோஸ் டிக்கேயோஸ் அவற்றைக் கண்டறிந்தார். 1998 இல் யுனெஸ்கோ அவ்விடத்தை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அது கி.மு. ஏழாம் ஆயிரத்தாண்டிலே எழுந்த குடியிருப்பு.

அம்மக்கள் உலோகம் அறியார், மட்கலம் வனையார், கல்லைக் குடைந்தே கலம் செய்தனர். தானியம் விதைத்தனர், ஆடு வளர்த்தனர். கல்லாலும் களிமண்ணாலும் சுடாத செங்கல்லாலும் வட்ட வீடுகள் எடுத்து, அவற்றுட் சிலவற்றை ஒரு முற்றத்தைச் சூழ அமைத்துக் குடும்பமாய் வாழ்ந்தனர். இறந்தோரை வீட்டுத் தரையின் கீழேயே அடக்கஞ் செய்தனர். ஊரை மதிலொன்று காத்தது. ஊர் அம்மதிலையுங் கடந்து வளர்ந்தபோது, வெளியே எழுந்த வீடுகளையும் உள்ளடக்கிப் புதிய மதில் எழுப்பினர்.

அவர்கள் பேசிய மொழி யாது? எழுத்தொன்றும் அவர்கள் விட்டுச் செல்லவில்லை. கிரேக்க மொழி அத்தீவை அடைந்தது பல்லாயிரம் ஆண்டுகளின் பின்னர். துருக்கியர் தீவைக் கைப்பற்றி முடித்தது 1571 இல். முதலில் வந்தவனே உரிமையாளன் என்பது சட்டமானால், கிரேக்க சைப்பிரியரும் தோற்பர். துருக்கிய சைப்பிரியரும் தோற்பர். வெல்ல வேண்டிய வாதியோ இவ்வுலகில் இல்லை!

சாட்சி தான் அறிந்ததையே சொல்லலாம் என்பது நீதிமன்றத்தின் பாலபாடம். அக்கற்கள் மக்கள் வாழ்ந்த விதத்துக்குச் சாட்சி. அவற்றை ஆட்சியுரிமைக்கு உறுதியாகக் காட்டுவது பொய்ச்சாட்சி சமைப்பதாகும்.

அத்தீவின் அவலம் பழமை போதாமையால் விளைந்ததா? இல்லை, செய்த உடன்பாடு நிலைபெறாமையால் விளைந்தது. 1960 இல் சுதந்திரத்துடன் வந்த அரசியலமைப்பு துருக்கிய சைப்பிரியருக்கு உபஜனாதிபதி பதவியையும், பத்து அமைச்சர்களுள் மூவரையும் வழங்கியது. 1963 இல் ஜனாதிபதி மக்காரியோஸ் அதற்குப் பதின்மூன்று திருத்தங்களை முன்வைத்தார். அவ்வாண்டு டிசெம்பரிலே இரத்தம் சிந்தியது. 1974 யூலையில் கிரேக்க இராணுவ ஆட்சியாளர் தூண்டிய சதிப்புரட்சி நிகழ்ந்தது. சில நாட்களில் துருக்கியப் படை வந்திறங்கியது. தீவு இரண்டாய்ப் பிளந்தது. இரு சமூகத்திலும் பல்லாயிரவர் வீடிழந்தனர். கி.மு. காலத்துச் சுவர்களைக் காப்பதற்குச் சட்டம் உண்டு. வீடிழந்த அம்மக்களுக்கு வழி பிறந்ததா?

அப்படியாயின் தொன்மையைப் பேணல் வீணோ? வீணன்று. 2008 இல் இரு சமூகத்தவரையுங் கொண்டு அமைந்த பண்பாட்டு மரபுரிமைக் குழு, தேவாலயங்களையும் பள்ளிவாசல்களையும் ஒருங்கே செப்பனிட முற்பட்டது. முன்னோர் விட்டுச் சென்றதை மதிக்கும் நேர்வழி அதுவே.

உரிமை, மண்ணில் வாழ்பவர்க்கும் மண்ணினின்று துரத்தப்பட்டு மீள ஏங்குபவர்க்கும் உரியது. கூரை விழுந்த வீட்டைக் காட்டி, குடியிருப்பவனை வெளியேறு என்பது நீதியாகாது. சைப்பிரசில் மட்டுமன்று, எத்தீவிலும் இதுவே நியாயம்.