சித்திரை வெயிலும் சிறு நாற்றும்

அம்பிட்டியவில் நமது அயலிலே, நாற்று வளர்த்து விற்றுச் சீவிக்கும் அம்மையார் ஒருவர் உளர். சென்ற ஆண்டு பங்குனியில் ஒரு நாள், கண்டிக்குக் கலியாணமொன்றுக்குச் சென்றவர், குரங்குகளுக்கு அஞ்சித் தமது பொலித்தீன் குடிலின் கதவையும் பக்கத் திரைகளையும் இறுக மூடிச் சென்றார். பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்பியபோது, கறிமிளகாய் நாற்றுகள் அத்தனையும் வெந்த கீரைபோற் சாய்ந்து கிடந்தன. இரண்டு மாத உழைப்பு ஒரு நண்பகலிற் போயிற்று. குரங்கு வந்திருந்தாலும் பாதியையாவது விட்டுச் சென்றிருக்கும்!

மலைநாட்டிலே குளிர்ச்சிக்கு என்ன குறை என்று கேட்போர் உண்டு. நுவரெலியாவைக் கொண்டு கண்டியை அளத்தல் ஆகாது. பேராதனைப் பூங்கா ஏறத்தாழ 460 மீற்றர் உயரத்திலேயே உள்ளது. ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கின்றான். வெளியே நிழலில் 31, 32 பாகை செல்சியஸ் காட்டும் வெப்பமானி, மூடிய குடிலினுள்ளே 40ஐ எளிதில் தாண்டிவிடும்.

வெயில் கூரையினூடே புகுந்து மண்ணையும் தட்டுகளையும் சுடுகின்றது. அவை காற்றைச் சுடுகின்றன. சுட்ட காற்று மேலெழுந்து வெளியேற வழியின்றி அடைபட்டு நிற்கின்றது. குளிர்நாட்டார் கண்ணாடி வீடு கட்டியதே இதற்காகத்தான். 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொணர்ந்த இறப்பர் விதைகள், இலண்டன் கியூ பூங்காவின் கண்ணாடி வீடுகளில் அவ்வெப்பத்திலேதான் முளைத்தன. அவற்றுள் 1,919 கன்றுகள் 38 கண்ணாடிப் பெட்டிகளில் அதே ஆண்டு இலங்கைக்கு அனுப்பப்பட்டன. ஹெனரத்கொடைத் தோட்டத்திலே அவை திறந்த நிலத்தில் வளர்ந்தன. நமக்குக் குடில் வேண்டுவது மழைக்கும் பூச்சிக்கும் காவலாகவே. குடிலை இரவல் வாங்கிய நாம், கதவடைக்கும் வழக்கத்தையும் சேர்த்தே வாங்கிவிட்டோம் போலும்.

ஆகவே முதல் வேலை, கூரையின் உச்சியிலே காற்றுப் போக வாய் வைத்தல். பக்கங்களில் திரைக்குப் பதிலாகக் கம்பிவலை இருப்பின் குரங்கும் வாராது, காற்றும் தடைப்படாது. அடுத்தது நிழல். நிழல் வலையோ கிடுகோ எதுவாயினும் கூரைக்கு வெளியே, சிறிது இடைவெளி விட்டுக் கட்டுக. உள்ளே கட்டினால் வெயில் ஏற்கெனவே புகுந்துவிடும். சூடேறிய வலையும் உள்ளிருந்தே காற்றைச் சுடும். மாலையிலும் மந்தாரமான நாட்களிலும் நிழலை நீக்கிவிட வேண்டும். இன்றேல் நாற்று வெளிறி நெடுத்து, நட்டவுடன் ஒடியும்.

நீரின் வலிமையை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது கொண்டுபோகும் வெப்பம், அந்நீரையே 30 பாகையிலிருந்து கொதிநிலைக்கு ஏற்றத் தேவையானதைப்போல் எட்டு மடங்காகும். ஆதலின் நண்பகலில் தரையையும் நடைபாதையையும் நனைத்தல் நன்று. ஆனால் காற்று வழியில்லாத குடிலில் இதைச் செய்தால் ஈர வெக்கையே மிஞ்சும். நெருக்கமாக நிற்கும் நாற்றுகளில் அடித்தண்டு அழுகலும் தொடங்கும். நாற்றுக்கு நீர் விடுவது அதிகாலையில். வெயிலிற் கிடந்த குழாயின் முதல் நீர் கைசுடும். அதனை நிலத்தில் ஓடவிட்ட பின்பே பூவாளியை நிரப்புக.

அம்மையார் இம்முறை கூரையுச்சியைப் பிரித்து, பக்கமெங்கும் கம்பிவலை அடித்திருக்கிறார். கடன் வாங்கித்தான். நேற்றுச் சென்று பார்த்தோம்; கறிமிளகாய் இரண்டிலை விட்டிருக்கின்றது. கதவு திறந்தே இருந்தது.