சிங்கப்பூர் நாலு மணி நேரம்தானா?

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் எவ்வளவு தூரம்னு இணையத்தில் தட்டினா பட்டுனு பதில் வரும். சுமார் 2,900 கிலோமீட்டர், நாலு மணி நேரம். கணக்கு சரிதான். ஆனா அதை நம்பி யாருக்கும் வாக்கு கொடுத்துடாதீங்க நண்பர்களே. நான் கொடுத்து தலைகுனிஞ்சவன்.

நமக்கு ஊர் பொன்னேரி. பழவேற்காடு ஏரியோரக் குப்பம் ஒண்ணுல தெரிஞ்ச பையன், சிங்கப்பூரில் வெல்டர் வேலை. சில வருஷம் முன்னாடி விடியற்காலை 5 மணிக்கு அவன் அப்பா தவறிட்டார். "பையன் எப்ப வந்து சேருவான்?"னு பெரியவங்க கேட்டாங்க. நான்தான் படிச்சவனாச்சே! "நாலு மணி நேரம்தான், பத்து பத்தரைக்கெல்லாம் வந்துடுவான்"னு அடிச்சு விட்டேன். அதை நம்பி, பொன்னேரியில இருந்து ஐஸ் பெட்டி வேண்டாம்னு விட்டுட்டாங்க.

அவனுக்குக் கிடைச்சது அங்கத்திய நேரம் மதியம் 1 மணி ஃப்ளைட். சென்னையில இறங்குறது 2.30னு டிக்கெட்டில் இருக்கு. பார்த்தா ஒன்றரை மணி நேரப் பயணம் மாதிரி தோணும். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால ஓடுது, அதான் விஷயம். மேலே 850, 900 வேகத்துல பறந்தாலும் ஓடுபாதையில ஊர்றது, ஏறுறது, இறங்குறது எல்லாம் சேர்த்தா சராசரி 725தான். லண்டன்னா சுமார் 8,200 கிலோமீட்டர். போகும்போது எதிர்காத்து, அதனால வர்றதைவிட நேரம் கூடும். இதைக் கடலுக்குப் போறவங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

அப்புறம் இமிக்ரேஷன், பெட்டி, டாக்ஸி. மீனம்பாக்கத்தில இருந்து பழவேற்காடு சுமார் 70 கிலோமீட்டர். மணலி, மீஞ்சூர் பக்கம் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல ஊர்ந்து வந்து சேரும்போது இரவு 7 மணி. மொத்தம் 14 மணி நேரம். அதுல வானத்துல இருந்தது நாலே நாலு.

மதியத்துக்கு மேலதான் ஐஸ் பெட்டிக்கு ஓடினோம். வந்தவன் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "அப்பா மூஞ்சியே மாறிப்போச்சேண்ணே?" எனக்குப் பதில் இல்லை.

ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. அங்கே கிளம்புற பி.எஸ்.எல்.வி. இருபது நிமிஷத்துக்குள்ள செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில விட்டுடுது. குப்பத்து ஜனங்க மணல்ல நின்னு அதைப் பார்க்கிறாங்க. ஆனா அவங்க வீட்டுப் பிள்ளைக்கு விமான நிலையத்தில இருந்து வீடு வர்றதுக்கே நாலு மணி நேரத்துக்கு மேல ஆகுது. சாலையும் ராத்திரி பஸ்ஸும் சரியா இல்லாத வரைக்கும் விமானம் எவ்வளவு வேகமா பறந்து என்ன பிரயோஜனம்?

என் கட்சி இதுதான். காத்திருக்கிறவங்களுக்கு விமான நேரத்தைச் சொல்லாதீங்க. வாசலில் இருந்து வாசல் வரைக்கும் கணக்குப் போட்டுச் சொல்லுங்க. தெரியலைன்னா, "ராத்திரி ஆகும், பெட்டிக்குச் சொல்லிடுங்க"ன்னு சொல்லுங்க. சீக்கிரமே வந்துட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.